துண்டு வீசுமுன் இறங்கிவிடும் வக்கீலம்மா

"வக்கீலம்மா போயிட்டாக" என்று கோகுல் போனில் சொன்னபோது, "எங்கே, மதுரைக்கா?" என்றுதான் கேட்டேன். கோர்ட் வேலையாக அவர் மதுரைக்குப் போவது எங்களுக்குப் புதிதில்லை. அவன் திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறான் என்பது பின்னால் கேட்ட ஹாரன் சத்தத்தில் தெரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னான்: "ஏ சுடரு, விளையாடலை புள்ள. நெசமாத்தான் சொல்றேன்." நான் இதுவரை ஊருக்குள் கிளப்பிவிட்ட புரளிகளுக்கு, எனக்கு வருகிற உண்மைச் செய்தியைக்கூட இப்படிச் சான்றிதழோடுதான் தர வேண்டியிருக்கிறது.

தூக்கத்திலேயே போய்விட்டாராம். அப்பா பெயிண்ட் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியபடியே நின்று மாடியைப் பார்த்தார். மாடியில்தான் வக்கீலம்மாவின் ஆபீஸ். பிறகு தூக்கியதை அப்படியே இறக்கிப் பூட்டினார்.

நீதிமன்றத்தில் ராஜகனி அம்மா எப்படி என்பதை இந்த நினைவு மலரில் பெரியவர்கள் எழுதுவார்கள். "நீ அந்தக் கேம் விஷயத்தை எழுதும்மா, அது எங்க யாருக்கும் முழுசாத் தெரியாது" என்று வக்கீல் சங்கத்திலிருந்து கேட்டார்கள். எனவே வருத்தத்தைக் கொஞ்சம் ஓரமாக உட்காரவைத்துவிட்டு எழுதுகிறேன். அவரை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது. பெயரில்தான் கனி. பேச ஆரம்பித்தால் காய், அதிலும் பாகற்காய். பாகற்காயை ரசித்துச் சாப்பிடுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தோம் என்பது அன்றைக்குக் கூடிய கூட்டத்தில் தெரிந்தது.

அவர் முதன்முதலாக எங்களைப் பார்க்க வந்தது திட்டுவதற்காக. கடையின் பின் அறையில், பில் போடுகிற கம்ப்யூட்டரில், நானும் கோகுலும் ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தோம். சத்தத்தை முழுதாக வைத்திருந்தோம். படியிறங்கி வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"மேல ஒரு மனுசன் சொத்துப் போச்சேன்னு அழுதுக்கிட்டு இருக்காரு. கீழ இருந்து டொய்ங் டொய்ங்னு அவரு அழுகைக்குத் தாளமா போடுறீக?"

"தாளம் இலவசம்மா. பாட்டுத்தான் மேல இருந்து வரணும்" என்றேன்.

அடி விழும் என்று கோகுல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டான். அவரோ என்னைப் பார்க்கவே இல்லை. கண்கள் திரையில் இருந்தன. "இது விளக்குக்காரன்ல?" என்றார்.

ஆமாம், விளக்குக்காரனேதான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டிவியில் கேசட் போட்டு விளையாடிய காலத்து விளையாட்டு அது. அதன் அசல் வெளிநாட்டுப் பெயரை இங்கே யாரும் வாசித்ததே இல்லை. ஒரு குட்டி ஆள் கையில் விளக்கோடு குகைக்குள் குதித்துக் குதித்துப் போவான். தண்ணீரில் விழுந்தால் விளக்கு அணைந்துவிடும். ராஜகனி அம்மா அந்தக் காலத்தில் தன் மகளுக்கு அந்தக் கேசட்டை வாங்கிக்கொடுத்திருக்கிறார். கேசட்தான் மகளுக்கு. ரிமோட்டு கடைசி வரை அம்மா கையில். "தள்ளு" என்று கோகுலை எழுப்பிவிட்டு உட்கார்ந்தவர், மாடியில் அழுதவர் அழுகையை முடித்துக்கொண்டு தானே இறங்கி வந்து தேடும்வரை எழுந்திருக்கவில்லை.

அந்தக் கேசட் இப்போது எந்தக் கடையிலும் கிடையாது. அதனால் போனிலேயே விளையாடும்படி அதன் புரோகிராமை முதல் வரியிலிருந்து கோகுல் புதிதாக எழுதினான். பள்ளி விட்டதும் பஸ் பிடித்து எங்கள் கடைக்கு வந்துவிடுவான். ஒரு வருஷத்துக்கு மேல் இதே வேலை. படங்களை நான் பழையதைப் பார்த்துப் பார்த்து, சொரசொரப்பாக இருந்த இடத்தை வழவழப்பாக்கி வரைந்தேன். இசையைக் காதால் கேட்டு வாசித்துச் சேர்த்தோம். குகைகள் எல்லாம் அதே குகைகள். என் சொந்தச் சரக்கு ஒன்றே ஒன்று. மாடியில் வக்கீல் ஆபீஸ் இருந்த மரியாதைக்காக, 'உயிர்' என்று வரும் இடத்தில் 'வாய்தா' என்று போட்டேன். எல்லா வாய்தாவும் தீர்ந்தால் திரையில் 'வழக்கு தள்ளுபடி' என்று வரும். அதைப் பார்த்துவிட்டு, "எங்க தொழிலை நக்கலடிக்கிறதுக்கு ஒரு கம்ப்யூட்டரு!" என்றார். ஆனால் இன்னொரு வாய்தா கேட்டார்.

விளையாட்டை இணையத்தில் ஏற்றினோம். யார் யாரோ இறக்கிக்கொண்டார்கள். சின்ன வயது ஞாபகம் வந்துவிட்டது என்று ஒருவர் எழுதியதைக் கோகுல் திரும்பத் திரும்ப வாசித்தான். கொஞ்ச நாளில் அந்தத் தளத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. உரிமைக்காரக் கம்பெனி புகார் செய்திருக்கிறது, உங்கள் விளையாட்டை எடுத்துவிட்டோம் என்று. கோகுலின் முகம் அணைந்த விளக்கு மாதிரி ஆகிவிட்டது. "போலீஸு வருமா?" என்று கேட்டான். "வந்தா முதல்ல விளையாடச் சொல்லுவோம்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. மாடி ஏறினோம். பயம் அவனுக்கு. எனக்கு, வக்கீலம்மா ஒரு நோட்டீஸ் விட்டால் கம்பெனி ஓடிவந்து மன்னிப்புக் கேட்கும் என்ற நம்பிக்கை.

"எடத்தைப் பாக்காம வாதாட மாட்டேன்" என்பது அவர் சொல். பந்தல்குடிப் பக்கம் வரப்புத் தகராறு என்றால்கூட, வெயிலில் நிலத்தைச் சுற்றி நடந்து பார்க்காமல் வழக்கை எடுக்கமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வழக்கிலும் அதுவே நடந்தது. விளையாட்டைத் திறந்து, முதல் குகையிலிருந்து நடந்தார். ஒவ்வொரு பொருளுக்கும் விசாரணை.

"இந்த ஆளு யாரு போட்டது?"

"நான் வரைஞ்சதும்மா."

"பாத்து வரைஞ்சியா, பாக்காம வரைஞ்சியா?"

"பாத்துத்தான்."

"இந்தக் குகை?"

"பாத்துத்தான்."

"எதைத்தான் ஆத்தா பாக்காமப் போட்டே?"

"வாய்தா, தள்ளுபடி" என்றேன். அப்போதுதான் எனக்கே எங்கள் கட்சி பலவீனம் என்று உறைத்தது.

கோகுல் விடவில்லை. "ஒரு வரிகூட அவுக எழுதுனதை எடுக்கலைம்மா. எல்லாம் என் கையால எழுதுனது. காசும் வாங்கலை. சும்மாதான் குடுத்தோம்."

"அடுத்தவன் தென்னையில நீயே கயிறு கட்டி, நீயே ஏறி, எளநீயை ஊருக்கே சும்மா குடுத்தாலும், ஏறுனது ஏறுனதுதான்யா."

"எல்லா உரிமையும் அந்தக் கம்பெனிக்கேன்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கோம்."

"அப்ப, தெரிஞ்சேதான் ஏறியிருக்கீக. எதிர்க்கட்சி வக்கீலுக்கு வேலையே வைக்கலையே நீ!"

"எத்தனையோ பேரு இந்த மாதிரி பழைய கேமைத் திருப்பிச் செஞ்சு போட்டிருக்காக. அவுகளை ஒண்ணும் சொல்லலை."

"சில கம்பெனிக்காரவுக கண்டுக்க மாட்டாக. சில பேரு பசங்களைக் கூப்பிட்டு வேலையே குடுப்பாக. அது அவுக மனசு. கண்டுக்காம விட்டதை அனுமதின்னு நெனச்சு வீடு கட்டுனவுக கேஸுதான் என் அலமாரியில பாதி."

கடைசியாகக் கோகுல் ஒன்று சொன்னான். அதுதான் எங்கள் பிரம்மாஸ்திரம் என்று நினைத்திருந்தோம். "அவுகளே இப்ப அதை விக்கிறதில்லைம்மா. சீந்துவாரில்லாம கெடக்கு. வத்துன கண்மாய் மாதிரி. யாரு வேணும்னாலும் எறங்கலாம்ல?"

ராஜகனி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நீ திருச்சுழிக்காரன்தானாய்யா? வத்துன கண்மாயில யாரும் எறங்கலாமா? ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் என்கூட வாங்க."

நரிக்குடிப் பக்கம் ஒரு ஊரில் அன்றைக்குக் கண்மாய் அழிக்கிறார்கள். கோடையில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றியதும், அக்கம்பக்கத்து ஊரெல்லாம் சேர்ந்து இறங்கி மீன் பிடிக்கிற நாள் அது. அந்த ஊர்க்காரர் ஒருவர் அவருடைய கட்சிக்காரர். நாங்கள் போனபோது கரை முழுக்க ஆட்கள். கையில் ஊத்தா, அதாவது அடியும் நுனியும் திறந்த மூங்கில் கூடை. தண்ணீரில் மீன் துள்ளுவது கரையிலிருந்தே தெரிந்தது. ஆனால் ஒரு கால்கூட நனையவில்லை. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினால்தான் இறங்க வேண்டும்.

டவுனிலிருந்து வந்த ஒருவன், போனில் படம் எடுத்துக்கொண்டே, ஒரு காலை மட்டும் தண்ணீரில் வைத்தான். கரையே கத்தியது.

"ஏலே! யாருலே அது? துண்டு வீசலைல்ல?"

"சும்மாதான கெடக்கு மாமா" என்றான் அவன்.

"சும்மா கெடக்கா? இது என்ன ஒங்க வீட்டுத் தண்ணித் தொட்டியாலே? மேல ஏறு!"

அவன் ஏறினான். கோகுல் என்னைப் பார்த்தான். நான் மீனைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

இதைச் சொன்னால் வக்கீலம்மா கோபித்துக்கொள்வார், ஆனாலும் சாட்சி உண்மை சொல்ல வேண்டுமில்லையா. பெரியவர் தோளிலிருந்து துண்டை எடுக்கத்தான் செய்தார், வீசவில்லை. அதற்குள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஊத்தாவோடு அரை அடி இறங்கிவிட்டவர் யார் என்றால், எங்களுக்குச் சட்டம் சொல்ல அழைத்து வந்தவர்தான். பக்கத்தில் நின்ற கட்சிக்காரர் முழங்கையைப் பிடித்துத் தடுத்தார். "வக்கீலம்மா, பொறுங்க. வருசா வருசம் உங்களைப் பிடிக்கவே ஒரு ஆளு போட வேண்டியிருக்கு."

பிறகு துண்டு வீசினார்கள். நான் அன்றைக்குப் பார்த்த மாதிரிச் சேற்றை வேறெப்போதும் பார்த்ததில்லை. கோகுலுக்கு ஒரு விரால் மாட்டியது. வக்கீலம்மாவுக்கு ஒன்றும் மாட்டவில்லை. கரையில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "வத்துறது தண்ணிதான். பாத்தியதை வத்தாது. ஒருத்தரு ஆக்குன கதைக்கும் படத்துக்கும் உங்க கேமுக்கும் இதே கதைதான். நம்ம நாட்டுல ஆக்குனவரு காலத்துக்கு அப்புறம் அறுவது வருசம் கழிச்சுத்தான் துண்டு வீசுவாக. அதுவரைக்கும் கரையில நிக்கணும். இல்லைன்னா பெரியவரைப் போய்க் கேக்கணும்."

"அறுவது வருசமா? மீனெல்லாம் கருவாடாயிருமேம்மா" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக்காரர் கூடையை நழுவவிட்டார். "சட்டம் சரின்னு நான் சொல்லலை ஆத்தா. சட்டம் இதுன்னு சொல்றேன்." இந்த ஒரு வரியை அவர் கோர்ட்டிலும் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். கேட்டவர்கள் தலையாட்டுங்கள்.

கம்பெனிக்குக் கேட்டு எழுதினோம். நயமான இங்கிலீஷில் அவரே சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். நாங்கள் யார், ஏன் செய்தோம், காசு நோக்கமில்லை, அனுமதி தருவீர்களா என்று. பதில் வருவதற்குள், மெயிலைப் பார், மெயிலைப் பார் என்று எங்களைவிட அதிகமாக அவசரப்பட்டது அவர்தான். பதில் வந்தது. மரியாதையாக, சுருக்கமாக, முடியாது என்று. என்னைவிட, கோகுலைவிட, அவர் முகம்தான் வாடிப்போனது. மின்விசிறியைப் பார்த்தபடி, "கேட்டதுல தப்பில்லை" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை.

அன்றைக்குக் கோகுல் எல்லாவற்றையும் அழித்துவிடுவதாகச் சொன்னான். சும்மா மிரட்டவில்லை. எங்கள் கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து, விரலை அழிக்கிற பொத்தான்மேல் வைத்துவிட்டான். "இனிமே நான் இந்தப் பக்கமே வரமாட்டேன் சுடரு. ஒரு வருசம் அடுத்தவன் தென்னைமரத்துல உக்காந்திருந்திருக்கேன்." அவன் அழுத்தியிருந்தால் விளையாட்டு மட்டும் போயிருக்காது. கோகுலும் போயிருப்பான். எனக்கு அன்று ஒரு நகைச்சுவைகூட வாயில் வரவில்லை.

ராஜகனி அம்மா படியிறங்கி வந்து அவன் பின்னால் நின்றார். "எதை அழிக்கப் போறே?"

"எல்லாத்தையும்."

"எல்லைக்கல்லு எங்கேன்னு பாக்காம எல்லாத்தையும் அழிப்பியா? அவுகளுதை அழி. உன்னுதை எதுக்குய்யா அழிக்கிறே?"

அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எடுத்தோம். விளக்குக்காரன் போனான். குகைகள் போயின. இசை போனது, பெயர் போனது. கடைசியில் வெள்ளைத் திரையில், விளக்குக்காரன் நின்ற இடத்தில், ஒரு சாம்பல் நிறக் கட்டம் மட்டும் நின்றது. எங்கள் ஒரு வருஷம் அவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றியது. அவர் கோகுலை எழுப்பிவிட்டு உட்கார்ந்து, அந்தக் கட்டத்தைக் குதிக்கவைத்தார். சின்னதாக, பெரிதாக, ஓடிவந்து, நின்ற இடத்தில். சத்தமே இல்லாமல் அது குதித்துக்கொண்டிருந்தது.

"இந்தக் குதி யாரு போட்டது?"

"நான்தான்" என்றான் கோகுல்.

"பாத்துப் போட்டியா?"

"இல்லைம்மா. பழைய கேமுல குதி கட்டை மாதிரி இருக்கும். எனக்குப் பிடிக்காது. இது நானாப் போட்டது."

"நல்லாருக்கு. குதிக்கிறதுக்கு எவனும் பட்டா வாங்கலை. வச்சுக்க."

மெயில் வந்த நாளுக்குப் பிறகு கோகுல் சிரித்தது அப்போதுதான்.

மறுநாள் அவன் அந்தக் கட்டத்துக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் வைத்திருந்தான். நான் கரை வரைந்தேன், எதையும் பார்க்காமல். அப்படி வந்ததுதான் உங்களில் பலரின் போனில் இருக்கிற 'துண்டு' விளையாட்டு. ஊத்தாவோடு கரையில் நிற்க வேண்டும். துண்டு வீசியதும் இறங்கி, கூட்டத்தைத் தாண்டிக் குதித்து மீனை அமுக்க வேண்டும். வீசுமுன் காலை வைத்தால் "ஏலே! யாருலே அது?" என்று குரல் வரும், ஆட்டம் அவுட். அந்தக் குரலுக்காக நாங்கள் மறுபடி நரிக்குடிப் பக்கம் பஸ் ஏறிப் போய், அன்று கத்தியவரிடமே அனுமதி கேட்டோம். "என் சத்தத்தைக் கேக்கவா பஸ்ஸு ஏறி வந்தீக? இன்னொருக்காக் கத்தட்டுமா?" என்று கேட்டு, வேண்டிய அளவுக்கு மேலேயே கத்திக்கொடுத்தார்.

இந்த விளையாட்டை மிக மோசமாக விளையாடியவர் ராஜகனி அம்மா. எப்போதும் முன்னாலேயே இறங்கிவிடுவார்.

"துண்டு அசைஞ்சது! நான் பாத்தேன்!"

"அது காத்துல அசைஞ்சதும்மா."

"காத்துக்கும் சேத்து எழுதியிருக்கானா, பய? குடு ஒரு வாய்தா!"

அவர் பெயரைப் போட்டு ஆடினால் மட்டும் துண்டு வெகுநேரம் கழித்து வீசும்படி கோகுலிடம் சொல்லி மாற்றிவைத்தேன். சில நாளில் கண்டுபிடித்துவிட்டார். "உங்க அப்பா பேரைப் போட்டா உடனே வீசுறான், என் பேருன்னா நின்னு காய வேண்டியிருக்கு. பாரபட்சம்! மேல்முறையீடு போறேன்" என்றார். போகவும் செய்தார். அப்பாவிடம்.

துண்டு வீசுகிற இடத்தில் முதலில் ஒரு பொதுவான பெரியவரை வரைந்திருந்தேன். அங்கே கறுப்புக் கோட்டோடு அவரையே நிறுத்த ஆசை. பழைய சுடராக இருந்தால் வரைந்து ஏற்றிவிட்டு, அவர் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பேன். இந்த முறை மாடி ஏறிக் கேட்டேன். "யோசிக்கணும், அடுத்த வாய்தாவுக்கு வா" என்றார். அடுத்த முறையும் அதையே சொன்னார். எத்தனை முறை இழுத்தடித்தார் என்று நினைக்கிறீர்கள்! கடைசியில் படத்தை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "கண்மாய்க் கரையில எவ ஆத்தா செருப்புப் போட்டு நிப்பா? அதைக் கழட்டிட்டுப் போட்டுக்க" என்றார். நான் படியிறங்கும்போது மேலேயிருந்து குரல் வந்தது: "நான் இருக்கிற வரைக்கும் என்னைக் கேட்டாச்சு. எனக்கப்புறம் என் மகளைக் கேளு!"

கேட்டேன். எல்லாம் முடிந்து, சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, அவருடைய மகள் மாடி ஆபீஸைத் திறந்து நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். நானும் கோகுலும் விஷயத்தைச் சொன்னோம். போனை வாங்கினார். கரையில் செருப்பில்லாமல், கோட்டோடு நிற்கிற அம்மாவைப் பார்த்தார். அப்படியே ஆட ஆரம்பித்தார். துண்டு அசைந்ததா என்றுகூடத் தெரியாது, இறங்கிவிட்டார்.

"ஏலே! யாருலே அது?"

அந்த ஆபீஸ் முழுக்க அது கேட்டது. அவர் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அம்மா அங்கேயே இருக்கட்டும்" என்றார். பிறகு, "இருங்க, இன்னொரு ஆட்டம். சின்னப் புள்ளையில எனக்கு ரிமோட்டே தந்ததில்லை" என்று போனைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். குதி நன்றாக இருக்கிறது என்று அவரும் சொன்னார். கோகுல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது அவன் அடுத்த விளையாட்டை எழுதிக்கொண்டிருக்கிறான்.

நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டது ஒரு கேள்வி: பாத்து வரைஞ்சியா, பாக்காம வரைஞ்சியா? பென்சிலை எடுக்கும்போதெல்லாம் அது கேட்கிறது, அதே பாகற்காய்க் குரலில். அதோடு, மாடிப்படி ஏறிப்போய்க் கேட்கிற பழக்கமும் எனக்கு வந்துவிட்டது. என்னை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சேதி என்று புரியும்.

அவர் பெயருக்கு நான் கூட்டிவைத்த காத்திருப்பை இனிமேலாவது எடுத்துவிடலாமா என்று கோகுல் கேட்டான். வேண்டாம் என்றேன். இப்போது துண்டு அவர் கையில்தான் இருக்கிறது. எப்போது வீசுவது என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.